வீட்டில் கேட்க ஆளில்லாத மாணவருக்கு எந்த மென்பொருள்? சைக்கோபை, ஜமோவி, சோட்டெரோ: ஓர் ஆய்வக மதிப்பீடு

உளவியல் முதுகலையில் டிசர்டேஷன் தொடங்கும் மாணவருக்கு இன்று காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்களே போதும். ஒரு சிறிய ஆய்வகத்தையே அவற்றை வைத்து நடத்திவிடலாம். கணினியில் சோதனை ஓட்ட சைக்கோபை, கணக்குப் போட ஜமோவி, எத்தனை பேரிடம் டேட்டா வாங்க வேண்டும் என்று பார்க்க ஜி-பவர், படித்த கட்டுரைகளைச் சேர்த்து வைக்க சோட்டெரோ. நான்கும் இலவசம், நான்கும் தரமானவை. ஆனால் துறையில் இவற்றைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டால் எந்த மாணவர் கரையேறுவார், எந்த மாணவர் நடுவழியில் நிற்பார் என்பது வேறு கேள்வி. இந்த மதிப்பீடு அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று பல திசைகளிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். பிள்ளை எம்.எஸ்சி. படிக்கிறது என்பதில் வீட்டுக்குப் பெருமை உண்டு. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்க்ரீனில் ஒரு பிழை வந்தால் "மாமா, இது என்ன?" என்று போன் போட்டுக் கேட்க அங்கே ஆள் இல்லை. கைடைக் கேட்கலாம்தான். ஆனால் "மேடத்தைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்ற தயக்கம் முன்னால் வந்து நிற்கும். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மேடம்" என்ற பதில்தான் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அதனால் ஒவ்வொரு மென்பொருளையும் ஒரே அளவுகோலில் பார்க்கிறோம்: மாணவர் தப்பு செய்தால் அது சத்தம் போடுகிறதா, போடாமல் இருக்கிறதா? சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிட்டால் நல்லது. ஏதோ சரியில்லை என்று மாணவருக்கே தெரியும், யாரையாவது தேடிப் போவார். வாய் திறக்காமல் தப்பான டேட்டாவைச் சேமித்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. அது தெரியவருவது வைவாவில். கைடும் ஸ்காலர்களும் சீனியர்களும் தங்கள் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இந்த இரண்டாவது வகைதான்.

முதலில் சைக்கோபை. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனாதன் பியர்ஸ் தொடங்கியது. பைதான் மொழியில் ஓடுகிறது, மூலநிரல் திறந்தே இருக்கிறது. பில்டர் என்ற பக்கத்தில் நிரல் எழுதாமலேயே, பெட்டி பெட்டியாக வைத்துச் சோதனையைக் கட்டிவிடலாம். நேரம் அளப்பதில் நம்பலாம். 2020இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில், நேரத் துல்லியத்தில் முன்வரிசையில் நின்ற மென்பொருள்களில் இதுவும் ஒன்று. (அந்த ஆய்வை எழுதியவர்களில் பியர்ஸும் ஒருவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஏற்றும் கோப்பு சில நூறு எம்பி. மாணவர்கள் ஆளாளுக்கு மொபைல் டேட்டாவில் இறக்கத் தேவையில்லை. துறையில் ஒருமுறை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்தால் போதும், எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பார்கள். பழைய டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் டிரைவர் ஓபன்ஜிஎல் 2.0-க்குக் கீழே இருந்தால் சோதனை திறக்கவே திறக்காது. இது சத்தம் போடும் பிழை, பயமில்லை. டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள், இல்லையென்றால் வேறு கணினிக்குப் போங்கள்.

பழக ஏற்றது ஸ்ட்ரூப் சோதனை. 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது, இன்றும் எல்லாப் பாடத்திட்டத்திலும் இருப்பது. 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் தெரியும். சொல்லை விட்டுவிட்டு நிறத்துக்கு உரிய பொத்தானை அழுத்த வேண்டும். இதற்கு எக்செல்லில் நான்கு நெடுவரிசை போதும்: சொல், நிறம், சரியான பொத்தான், சொல்லும் நிறமும் பொருந்துகிறதா இல்லையா. மூன்று நிறம், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருந்தும் வரிசையும் ஒரு பொருந்தா வரிசையும். மொத்தம் 6 வரிசை. நெடுவரிசைத் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதுங்கள். நிறப் பெயரும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். லூப்பில் என்-ரெப்ஸ் (எல்லா வரிசைகளையும் எத்தனை முறை திருப்பி ஓட்டுவது என்ற எண்) 10 என்று கொடுத்தால் 60 முயற்சிகள் ஓடும். மொத்தம் 60 வேண்டும் என்று நினைத்து அந்த இடத்திலேயே 60 என்று போட்டால் 360 ஓடும். பாதியிலேயே உட்கார்ந்திருப்பவருக்குக் கண் சொருகிவிடும், டேட்டாவும் கெடும்.

இனி பிழைகள். சொல் மாறும் இடத்தில் 'செட் எவ்ரி ரிபீட்' என்று மாற்றாமல் 'கான்ஸ்டன்ட்' என்றே விட்டுவிட்டால், அந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்று சிவப்பில் கத்திவிட்டு நிற்கும். தலைப்பில் இடைவெளி இருந்தாலும் கத்தும். எக்செல் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் கத்தும். இவை எதற்கும் கைடு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. இந்த நான்கைந்து பிழைச் செய்திகளையும், அவற்றுக்குத் தமிழில் ஒரு வரி விளக்கத்தையும் ஒரு ஏ-ஃபோர் தாளில் அச்சிட்டுக் கணினி பக்கத்துச் சுவரில் ஒட்டினால் போதும்.

சத்தம் போடாதவற்றில் முதலாவது, கீபோர்டு பகுதியின் தொடக்க நேரம். பெரும்பாலும் முதல் அரை நொடி ஒரு கூட்டல் குறியைக் காட்டி, 0.5 நொடியில் சொல்லைக் காட்டுவோம். சொல்லின் தொடக்கத்தை 0.5 என்று மாற்றுகிற மாணவர் கீபோர்டை 0.0 என்றே விட்டுவிடுவார். எதிர்வினை நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம், கீபோர்டு தொடங்கும் நொடியிலிருந்துதான் ஓடுகிறது. ஆகவே எல்லோருடைய நேரத்திலும் 500 மில்லிசெகண்ட் கூடிவிடும். 650 என்று வர வேண்டியது 1150 என்று வரும். பொருந்தும் சொல்லுக்கும் பொருந்தாச் சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் மாறாது என்பதால் முடிவு சரிபோலவே தெரியும். இன்னொரு பக்கம், சொல் தோன்றுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தியவரின் பதிலும் பதிவாகிவிடும். சராசரியைப் பார்த்ததும் "இவ்வளவு மெதுவாகவா?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் வழிகாட்டி.

இரண்டாவது, சரியான பதிலுக்கான கட்டத்தில் நெடுவரிசைத் தலைப்புக்கு முன்னால் டாலர் குறியைப் போடாமல் விடுவது. டாலர் குறி இருந்தால்தான் எக்செல் நெடுவரிசையிலிருந்து எடுக்கும். இல்லையென்றால் அந்தத் தலைப்பையே சரியான விடை என்று எடுத்துக்கொண்டு, அழுத்திய பொத்தானை அதோடு ஒப்பிடும். ஓடுவது வழக்கம்போல் ஓடும். டேட்டாவைத் திறந்தால் சரி-தவறு நெடுவரிசை முழுக்கப் பூஜ்யம். நேரங்கள் சரியாகவே பதிவாகியிருக்கும், எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதும் இருக்கும். ஆகவே எக்செல்லில் மீட்டுவிடலாம், டேட்டாவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இது தெரியாமல் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு உட்கார வைப்பது பாவம்.

மூன்றாவது, சொல் திரையில் நிற்கும் நேரம். இயல்பாக 1.0 நொடி என்று இருக்கும். அதை மாற்றாவிட்டால், ஒரு நொடிக்குள் பதில் சொல்லாதவர் வெற்றுத் திரையைப் பார்த்து அழுத்துவார். கணினிப் பழக்கம் குறைந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். நமது ஊரில் இது வெறும் நுட்பப் பிழை இல்லை, யாருடைய டேட்டா கெடுகிறது என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. நேரத்தைக் காலியாக விட்டால் பதில் வரும்வரை சொல் நிற்கும்.

ஒரு சொல்லைச் சில மில்லிசெகண்ட் மட்டும் காட்டி, அது அடுத்த பதிலை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் பிரைமிங் மாதிரியான சோதனை என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். 50 என்றால் மூன்று ஃப்ரேம், சரியாக வரும். 40 என்று கேட்டால் திரையால் அதைக் கொடுக்க முடியாது. 33 அல்லது 50 ஆகிவிடும். ஆய்வறிக்கையில் 40 என்று எழுதியிருப்பார்கள்.

தமிழ் எழுத்து விஷயத்தில் சைக்கோபைக்கு முழு மதிப்பெண் தர முடியாது. 'கொ', 'தெ', 'மை' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் சில கணினிகளில் இடம் மாறித் தெரியலாம். துறைக் கணினி ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் டேட்டா எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சொற்களைப் படமாக மாற்றி இமேஜ் பகுதியில் வைப்பதே பாதுகாப்பு. பவர்பாயின்ட்டில் ஒரே எழுத்தளவில் எழுதி, ஒரே அளவில் பிஎன்ஜியாகச் சேமித்தால் போதும். அறிவுறுத்தல் பக்கமும் அப்படியே. டிடிபி கடையில் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்து வாங்கிய ஒப்புதல் படிவத்தை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து பார்ட்டிசிபன்ட் வந்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் சேருங்கள்: முதலில் எந்த மொழியில் படிக்கக் கற்றீர்கள்? வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் அங்கே நிறைய. ஸ்ட்ரூப் விளைவே படிப்பு தானாக நடப்பதால் வருவது. தமிழ் எழுத்தைத் தயங்கிப் படிப்பவரிடம் விளைவு குறைவாக வந்தால் அவர் கவனம் கூர்மையானது என்று எழுதிவிடக் கூடாது. இதை வெளியூர் கைடு யோசிக்காமல் போகலாம், கெலமங்கலத்து மாணவர் யோசிப்பார். முதல் தலைமுறை மாணவர் ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் அறிவு இது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் வழிகாட்டியின் வேலை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. டேட்டா சோதனை முடியும்போதுதான் கோப்பாக எழுதப்படுகிறது. நடுவில் கரண்ட் போனால் அந்த நபரின் உழைப்பு வீண். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை விட பேட்டரி உள்ள லேப்டாப் மேல். பார்ட்டிசிபன்ட் பெட்டியில் ஆளின் பெயரை எழுத விடாதீர்கள். அந்தப் பெயர் கோப்பின் பெயரிலேயே வந்துவிடும். பி01, பி02 என்று குறியீடு கொடுங்கள். பெயரும் குறியீடும் உள்ள பட்டியல் கைடிடம் தனியாகப் பூட்டி இருக்கட்டும்.

ஜி-பவருக்கு ஒரு பத்தி போதும். திறந்ததும் அது 'ஒன் டெயில்' (வித்தியாசத்தை ஒரே திசையில் மட்டும் எதிர்பார்ப்பது), பவர் (உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 0.95 என்று தானாகவே வைத்திருக்கும். மாணவர் அதைப் பார்க்காமல் 'கால்குலேட்' அழுத்துவார். வழக்கமான டூ டெயில், 0.80 என்று மாற்றினால், நடுத்தர விளைவுக்கு (0.5) இரண்டு தனிக் குழுக்களை ஒப்பிட ஒரு குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். அதே 0.5 விளைவை, ஒரே ஆளிடம் இரு நிலைகளிலும் அளந்தால் 34 பேர் போதும். தர்மபுரி மாதிரி ஊரில் இந்த வித்தியாசம் டிசர்டேஷனையே காப்பாற்றும். மாங்காய் சீசனில் கூழ் ஆலைக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓசூர் கம்பெனி ஷிஃப்ட்டுக்கும் போகிற கிளாஸ்மேட்களை 128 பேர் என்ற கணக்கில் பிடித்து உட்கார வைப்பது நடக்காத காரியம். தலைப்பு முடிவு செய்யும் நாளிலேயே கைடு இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து ஜமோவி. ஜாஸ்ப் என்ற இன்னொரு இலவசப் புள்ளியியல் மென்பொருளின் குழுவில் இருந்தவர்களே பிரிந்து வந்து உருவாக்கியது, உள்ளே ஆர் என்ற புள்ளியியல் மொழி ஓடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் கோப்பைத் திறக்கும், எக்செல்லைத் திறக்கும், உளவியல் கட்டுரைகளுக்கான ஏபிஏ வடிவில் அட்டவணை தரும். விளைவின் அளவு, நம்பிக்கை இடைவெளி (கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்) எல்லாம் ஒரு டிக்கில் வந்துவிடும். கிராக் செய்த எஸ்பிஎஸ்எஸ்ஸைப் பென்டிரைவில் கைமாற்றி வைரஸையும் சேர்த்து வாங்குவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. நமக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது இதுதான். எதை மாற்றினாலும் முடிவு அந்த நொடியே வலதுபக்கம் மாறுவதால், பயந்த மாணவரும் நாலு டிக் போட்டு விளையாடிப் பார்க்கிறார். ஜாஸ்பும் சமமான தரம். பேய்சியன் ஆய்வு தேவையென்றால் ஜாஸ்ப், மற்றபடி ஜமோவி. இரண்டையும் கொடுத்துக் குழப்ப வேண்டாம்.

ஜமோவி நன்றாகச் சத்தம் போடுகிற ஒரு இடம்: கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பேக் ஆல்ஃபா பார்க்கும்போது ஒரு கேள்வி மொத்தத்தோடு எதிர்த்திசையில் போனால், அதைத் திருப்பி மதிப்பிட வேண்டியிருக்கலாம் என்று அட்டவணைக்குக் கீழேயே குறிப்பு போடும். மாணவர் அதைப் படிப்பதில்லை, ஆல்ஃபா எண்ணை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போய்விடுகிறார். முதல் நாளே அந்தக் குறிப்பைப் படிக்கப் பழக்குங்கள். திருப்பும் சூத்திரத்திலும் ஒரு வழுக்கல் உண்டு: 1 முதல் 5 வரையான அளவில் 6-லிருந்து கழிக்க வேண்டும். 5-லிருந்து கழித்தால் பூஜ்யம் வரும். 0 முதல் 3 என்றால் 3-லிருந்து கழிக்க வேண்டும்.

வாய் திறக்காத இடங்களில் மிக மோசமானது டேட்டாவின் வடிவம். சைக்கோபை ஒரு ஆளுக்கு 60 வரிசை தருகிறது. 34 பேருக்கு 2040 வரிசை. மாணவர் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, அப்படியே, இரண்டு தனிக் குழுக்களை ஒப்பிடும் இன்டிபென்டன்ட் டி-டெஸ்ட் போடுவார். ஜமோவி மறுப்பே சொல்லாமல் கணக்கிட்டுத் தரும். பி மதிப்பு (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே அழகாக வரும். வழிகாட்டி பி-யைப் பார்க்கும் முன் டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) என்ற நெடுவரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே 2038 என்று இருந்தால், 2040 பேர் வந்து போனதாக மென்பொருள் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வர வேண்டியது 33. எக்செல்லில் பிவட் டேபிள் போட்டு, தவறான பதில்களை விலக்கி, ஒவ்வொருவருக்கும் பொருந்தும் சராசரி ஒன்று, பொருந்தாச் சராசரி ஒன்று என்று 34 வரிசை, இரண்டு நெடுவரிசையாக மாற்றிய பிறகுதான், ஒரே ஆளின் இரு சராசரிகளை ஒப்பிடும் பெயர்டு டி-டெஸ்ட். 200 மில்லிசெகண்டுக்குக் கீழான நேரங்களை என்ன செய்வது, மேல் எல்லை எது என்பதையெல்லாம் டேட்டா எடுக்கும் முன்பே, ஆய்வுத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஓஎஸ்எஃப் தளத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. முடிவைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தும் சபலம் யாருக்கும் வரும்.

பதில் இல்லாத இடத்தில் 99 என்று போடும் பழக்கமும் இப்படித்தான். 39 பேருக்கு வயது 20, ஒருவர் வயதைச் சொல்லாததால் 99 என்றால், சராசரி 22-ஐத் தொடும். எண் நம்பும்படியாகவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜமோவியில் அந்த நெடுவரிசையின் அமைப்பில் 99 விடுபட்ட மதிப்பு என்று சொல்ல வேண்டும், அல்லது கட்டத்தைக் காலியாகவே விட வேண்டும். தமிழில் வாங்கிய கூகுள் ஃபார்ம் பதில்களைச் சிஎஸ்வியாக இறக்கி எக்செல்லில் நேரடியாகத் திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்து தெரியும். டேட்டா போய்விட்டது என்று பதற வேண்டாம், கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல்லின் 'டேட்டா' பகுதி வழியாக யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறக்கலாம், அல்லது நேராக ஜமோவியிலேயே திறக்கலாம்.

மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21 கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. லோவிபாண்ட் என்ற பெயருடைய இருவர் 1995இல் வெளியிட்டது, அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்பதால் நம் பக்கத்து டிசர்டேஷன்களுக்கு வசதியானது. 21 கேள்வி, மூன்று பிரிவு, பிரிவுக்கு 7 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டிய பிறகு இரண்டால் பெருக்க வேண்டும். ஏனென்றால் நிலைகளைப் பிரிக்கும் எல்லை எண்கள் 42 கேள்விகள் கொண்ட மூல வடிவத்துக்கு உரியவை. மன அழுத்தப் பிரிவில் ஒருவர் 13 வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். பெருக்காவிட்டால் 0–14 என்ற 'இயல்பு' நிலைக்குள் விழுவார். பெருக்கினால் 26, அது 'கடுமை' நிலையின் தொடக்கம். ஜமோவிக்கு இது தெரியாது, தெரிய வழியும் இல்லை. பதில் சொன்னவர் பக்கத்து கிளாஸ் பிள்ளையாக இருக்கலாம். கருவி நோயைக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை என்றாலும், படிவத்தின் கடைசிப் பக்கத்தில் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416 கட்டாயம் இருக்க வேண்டும். 2022இல் தொடங்கிய அரசு சேவை, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். யாருடைய மதிப்பெண்ணாவது கவலை தந்தால் அந்த மாணவர் தனியாக முடிவெடுக்க வேண்டாம், அன்றே கைடிடம் சொல்ல வேண்டும் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

சோட்டெரோவில் சொல்ல அதிகம் இல்லை. நல்ல பொருள். பிரவுசரில் ஒரு க்ளிக்கில் கட்டுரை சேரும், வேர்டில் மேற்கோள் தானாக விழும், 300 எம்பி ஆன்லைன் இடம் இலவசம். இனிஷியல் வைக்கும் நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்று அதற்குப் பிடிபடாது. இறக்கியவுடன் ஆசிரியர் பெயரைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது ஒன்றே வழி. மாணவர் தன் பெயரைக் கட்டுரைகளில் எப்படி எழுதப் போகிறார் என்பதையும் இந்தச் சமயத்திலேயே முடிவு செய்து, ஓஆர்சிஐடி எண் (ஓர் ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் எண்) ஒன்று வாங்கிவிடட்டும். பத்து நிமிட வேலை, இலவசம், பின்னால் பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும். கட்டுரை கிடைக்கவில்லை என்றால் திருட்டுத் தளத்துக்குப் போகும் முன் நூலகரைக் கேளுங்கள். அரசு கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, முந்தைய ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையத் தொகுப்பில் உண்டு.

இந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை: உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதைவிட, "தேடினால் கிடைக்கும், தைரியமாகக் கேள்" என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் நிக்கோல் ஸ்டீவன்ஸும் சக ஆய்வாளர்களும் 2012இல் இதையொட்டிய ஒன்றைத்தான் காட்டினார்கள். பல்கலைக்கழகம் 'உன் வழியை நீயே பார்' என்று எதிர்பார்க்கிறது. முதல் தலைமுறை மாணவரோ குடும்பத்துக்குக் கைகொடுக்கும் எண்ணத்தோடு, சேர்ந்து நிற்கும் பழக்கத்தோடு வருகிறார். இந்தப் பொருந்தாமை அவர்கள் மதிப்பெண்ணிலும் தெரிகிறது என்றார்கள். அது அந்த நாட்டு மாணவர்களைப் பற்றிய முடிவு, அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் தர்மபுரி ஆய்வகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே கணினியில் சைக்கோபை கற்றால் வேகமாகப் போகிறது என்பதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் பிழையைப் படிப்பார், இன்னொருவர் மவுஸைப் பிடிப்பார்.

வழிகாட்டிகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது மூன்று அமர்வுகள். முதல் அமர்வில் மேலே சொன்ன 6 வரிசை எக்செல்லை மாணவரே கட்ட வேண்டும், ஸ்காலர் மவுஸைத் தொடக் கூடாது. இரண்டாவதில் சரியாக ஓடும் கோப்பின் நகலை வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். டாலர் குறியை எடுங்கள், கீபோர்டு நேரத்தை மாற்றுங்கள், ஓட்டுங்கள், வரும் சிஎஸ்வியைத் திறந்து எங்கே என்ன மாறியது என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். பிழை எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு தன் டேட்டாவில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். மூன்றாவதில் நண்பர்கள் மூன்று பேரை உட்கார வைத்து முன்னோட்டம் பார்த்து, அந்த மூன்று பேர் டேட்டாவையும் பிவட் முதல் டி-டெஸ்ட் வரை கொண்டுபோய்விட வேண்டும். மூன்று பேரை வைத்து வரும் பி மதிப்புக்கு அர்த்தமில்லை, வழி முழுக்கத் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். இதெல்லாம் முடியும் வரை உண்மையான டேட்டா எடுக்க அனுமதிக்காதீர்கள். எடுக்கத் தொடங்கிய பிறகு சைக்கோபை புதுப்பிக்கச் சொன்னாலும் முடியும்வரை புதுப்பிக்காதீர்கள்.

அமர்வுகளை மாலை நாலரை மணிக்கு வைப்பதில் பிரயோஜனம் இல்லை. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்து இருட்டில் ஊருக்குப் போக வேண்டிய பெண் பிள்ளைகள் வர மாட்டார்கள், ஏன் வரவில்லை என்றும் சொல்ல மாட்டார்கள். டைம்டேபிளுக்குள்ளேயே, காலை பதினொன்றிலிருந்து ஒன்றுவரை, வாரம் ஒரு நாள் ஆய்வக நேரம் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் போடுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தை, உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஸ்காலரின் பணி நேரமாகத் துறை கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டேட்டா சரிபார்ப்பில் பெரும்பங்கு வகித்த சீனியரின் பெயர் கட்டுரையில் எங்கே வரும் என்பதையும் டேட்டா எடுக்கும் முன்பே பேசி, கைடு, ஸ்காலர், மாணவர் மூவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிடுங்கள்.